மரகதம் சிஸ்டரை நான் கொன்ற கதை

டாக்டருக்குப் படித்தவர்கள் டிவி சீரியல் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இதைக் கல்லூரியிலேயே ஒரு பாடமாக வைத்திருந்தால், செங்கல்பட்டில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்த அந்தக் காலம் என் வாழ்க்கையில் வந்தே இருக்காது.

சீரியல் ஆஸ்பத்திரிகளைப் பற்றி உங்களுக்கே தெரியும். கோமாவில் கிடப்பவரின் தலையில் மல்லிகைப்பூ வாடாது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவார். எந்த வியாதியானாலும் இருபத்து நாலு மணி நேரம்தான் கெடு. ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிறவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம் (கண்ணாடி போடாத டாக்டர்கள் என்ன செய்வார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்). எங்கள் வீட்டில் ஓடிய 'கண்ணே நலமா' சீரியலில் ஒரு வார்டுபாய் வருவார். தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பார். எந்த ஹீரோவின் ஸ்டைல் என்று சொல்லவே வேண்டாம், பின்னால் அந்தப் படத்து மியூசிக்கே ஓடும். தியேட்டரில் விசிலடித்த அதே ஆட்கள் வீட்டிலும் விசிலடிப்பார்கள். எனக்கு மட்டும், உள்ளே பாதரசம் இருக்கிறதே என்று கவலையாக இருக்கும்.

'கண்ணே நலமா' அம்மாவின் சீரியல். சாயங்காலம் அது ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் குக்கர்கூட விசிலடிக்கப் பயப்படும். அதில் வரும் ஹெட் நர்ஸ் மரகதம் சிஸ்டர் அம்மாவுக்கு உடன்பிறவாத அக்கா. மரகதம் சிஸ்டர் நெற்றியில் கை வைத்தால் பாதி வியாதி போய்விடும், மீதிப் பாதி அடுத்த வாரம் போகும். நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு அம்மா சொந்தக்காரர்களிடம், "எம் பொண்ணும் மரகதம் மாதிரி வரணும்" என்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். டாக்டராகப் போகிறவளை நர்ஸாகும்படி வாழ்த்துகிறாளே என்று கௌரவக் குறைச்சல். இன்றைக்கு யாராவது நோயாளி என்னை அந்த மாதிரி ஒரு தடவை சொன்னால் போதும், சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவாது.

நான் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றித் திரை போட்டுவிட்டார்கள். அப்பா வெளியே நின்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் திரைக்கு மேலே இருந்த மானிட்டரும் அதில் நேராக ஓடிய பச்சைக் கோடும்தான்.

அப்பா மின்சார ரயில் ஓட்டி ரிட்டையர் ஆனவர். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் ஆயுசு முழுக்கப் போய் வந்த மனிதர், அம்மா போன பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே அபூர்வம். ஆனால் 'கண்ணே நலமா' ஆரம்பித்தால் உட்கார்ந்துவிடுவார். அதுவரை அந்த சீரியலைக் கண்ணெடுத்தும் பார்க்காதவர், அம்மா விட்ட இடத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் பார்க்க ஆரம்பித்தார். அம்மா உட்காரும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தள்ளித்தான் உட்காருவார். எனக்கு அந்த இடத்தைப் பார்த்தாலே நெஞ்சு வலிக்கும். அதனால் நான் அந்த அறைப் பக்கமே போகாமல் புத்தகத்தோடு உள்ளே இருந்துவிடுவேன்.

அந்த சீரியலில் வாரத்துக்கு ஒருவருக்கு இதயம் நிற்கும். பச்சைக் கோடு நேராகும். உடனே டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எடுத்துத் தேய்த்து நெஞ்சில் வைப்பார். ஆள் கட்டிலிலிருந்து ஒரு முழம் எம்பி விழுவார், கண்ணைத் திறந்து, "நான் எங்கே இருக்கேன்?" என்பார். அப்பா என்னைக் கூப்பிடுவார்.

"ஏம்மா, அன்னிக்கு அந்த ஷாக் மெஷினைக் கொண்டாந்து வெச்சிருந்தா அம்மா பொழச்சிருப்பா இல்ல?"

இந்த ஒரு கேள்விதான். சாப்பிடும்போது கேட்பார், ரேஷன் கடைக்குப் போகும்போது கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவேன். இதயம் தாறுமாறாகத் துடித்து நடுங்கும்போதுதான் ஷாக் கொடுப்பார்கள். அந்த நடுக்கத்தை நிறுத்தினால் அது தானாகச் சரியாகத் துடிக்க ஆரம்பிக்கும். கோடு நேராகிவிட்டால் அங்கே நிறுத்துவதற்கே ஒன்றும் இல்லை. நெஞ்சை அமுக்க வேண்டும், மருந்து போட வேண்டும், அதைச் செய்துதான் பார்த்தார்கள். அவருக்குப் புரிகிற மாதிரியே சொல்வேன்: "கண்ணு மண்ணு தெரியாம ஓடற வண்டியை நிறுத்தத்தாம்ப்பா எமர்ஜென்சி பிரேக். நிக்கற வண்டிக்கு பிரேக் போட்டா ஓடுமா?"

தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். "டிவில ஓடுதே" என்பார்.

படித்து முடித்து செங்கல்பட்டிலேயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராகச் சேர்ந்த பிறகும் இதேதான். டாக்டரான சொந்தப் பெண் சொன்னால் நம்பமாட்டார், டிவியில் ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி மாட்டிய டாக்டர் சொன்னால் நம்புவார். என் அம்மாவை யாரோ காப்பாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்ற எண்ணத்தோடு அவர் தினமும் தூங்கப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. சரி, டிவியையே சொல்ல வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாம். தோன்றிவிட்டது.

வாய்ப்பு தானாக ஒரு ஆணியில் ஏறி வந்தது. செட்டில் ஆணி குத்தி, கால் வீங்கி, ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெயர் குமார், 'கண்ணே நலமா'வின் புரொடக்ஷன் மேனேஜர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், ஈசிஆரில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவைத்தான் ஆஸ்பத்திரியாக்கி ஷூட்டிங் நடத்துகிறார்கள். ஊசி போட்டு முடிப்பதற்குள் அந்த சீரியலின் தப்புகளை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். ஊசியைவிட அதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

"இன்னா டாக்டரம்மா, ஊரே பாத்துகினு கீது, ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல" என்றார் குமார். "நீங்களே வந்து டைரக்டராண்ட சொல்லுங்க. எனக்கு இன்னா தெரியும்?"

அடுத்த வார லீவில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன், கையில் நான்கு பாடப் புத்தகங்களோடு (டைரக்டர் சந்தேகம் கேட்டால் பக்கம் காட்டலாம் என்று).

சீரியலின் ஐசியூ அந்த பங்களாவின் சாப்பாட்டு அறை. வெண்டிலேட்டர் என்று இத்தனை நாள் நான் பயபக்தியோடு பார்த்தது பழைய ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர். ஆக்சிஜன் குழாயின் மறுமுனை கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தது. ஜன்னல் வழியாக வந்த கடல் காற்றில் நோயாளியின் போர்வை பறந்துகொண்டே இருந்தது, அதைப் பிடிக்கவே ஒரு ஆள். டாக்டர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் லைட்மேனிலிருந்து வில்லி வரை எல்லோரும் பிரஷர் பார்க்க வரிசையில் நின்றுவிட்டார்கள். ஷூட்டிங் நின்றுபோனது. டைரக்டருக்குத்தான் பிரஷர் அதிகம்.

வரிசையின் கடைசியில் மரகதம் சிஸ்டர் நின்றார். நிஜத்தில் குள்ளம். கையை நீட்டிவிட்டு, "உங்க வீட்ல யாரும்மா நம்ம சீரியல் பாக்கறது?" என்று கேட்டார். அம்மா என்று சொல்ல வாயெடுத்து, அப்பா என்றேன். அவருடைய நாடியைப் பிடித்திருந்த விரலை எடுக்க எனக்கு மனசே வரவில்லை. அம்மா இவ்வளவு பக்கத்தில் இவரைப் பார்த்திருந்தால் என்ன பாடு படுத்தியிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரகதம் சிஸ்டர் சீரியலை விட்டுப் போகிறார், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு இருக்கப் போகிறார் என்று டைரக்டர் சொன்னார். கதைப்படி அவருக்கு இதயம் நிற்கும், ஹீரோ டாக்டர் மூன்று ஷாக் கொடுப்பார், பிழைத்துக் காசிக்குப் போய்விடுவார். நான் விடுவேனா? கோடு நேராக இருந்தால் ஷாக் கிடையாது என்று புத்தகத்தைப் பிரித்துவிட்டேன். முதலில் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒயர் கழன்றாலும் கோடு நேராகத்தான் வரும், அப்புறம் நெஞ்சை அமுக்க வேண்டும், மருந்து போட வேண்டும், அப்படியும் வராவிட்டால் போனதுதான் என்றேன். டைரக்டர் ஒயர் விஷயத்தை மட்டும் ஆர்வமாக இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ, விஞ்ஞானம் ஜெயித்தது என்று பூரித்துப் போய் நின்றேன்.

"காசிக்கு அனுப்பறதைவிட இது சுலபம்" என்றார் டைரக்டர். மரகதம் சிஸ்டர் சாகலாம் என்று முடிவானது.

அத்தோடு நின்றதா? ஹீரோ டாக்டர் முழங்கையை மடித்துப் பரோட்டா மாவு பிசைவது போல அமுக்கினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அப்ப நீங்களே பண்ணிடுங்க" என்று எனக்குப் பச்சை கவுன், தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டிவிட்டார்கள். வெளியில் தெரிந்தது கண் மட்டும்தான். மெத்தை மேல் ஒரு தலையணையை வைத்து, நேராக நீட்டிய என் கைகளை குளோசப்பில் எடுத்தார்கள். ஜூனியர் டாக்டராக நடித்தவர், "ஷாக் கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்க, நான் எழுதிய வசனத்தை நானே பேசினேன். நிற்கிற வண்டிக்கு பிரேக் போட்டால் ஓடாது என்பதைக்கூட விடவில்லை. ஊரே பார்க்கிற சீரியலில், ஒரே ஒரு ஆளுக்காக எழுதிய வசனம்.

இறந்ததாகச் சொன்ன பிறகு கேமரா மரகதம் சிஸ்டர் முகத்திலேயே நிற்க வேண்டும், மியூசிக் போடக் கூடாது, நடுவில் வெட்டக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சாவு அப்படித்தான் இருக்கும், சத்தமே இல்லாமல். டைரக்டர் எடிட்டருக்குப் போன் போட்டு, "டாக்டரம்மா சொல்லிட்டாங்க, அந்த ஷாட்ல கையே வைக்காத" என்றார்.

சினிமா, சீரியல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவு சீனில் நடித்தவர் கடைசியில் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்து, பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்த பிறகுதான் மறுவேலை. நடித்தவருக்கு நிஜமாக ஒன்றும் ஆகிவிடக் கூடாதாம். எனக்கு அது தெரியாது. கட்டிலில் அசையாமல் கிடந்த மரகதம் சிஸ்டர் திடீரென்று கண்ணைத் திறந்து பல் தெரியச் சிரித்தார். ஆஸ்பத்திரிகளில் இந்த வழக்கம் இல்லையே என்று யார் மேலோ ஆத்திரமாக வந்தது. மாஸ்க் இருந்ததால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டெலிகாஸ்ட் தேதி தெரிந்ததிலிருந்து வாய் வலிக்க ஊரெல்லாம் சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள், மருந்துக் கடைக்காரர், கேன்டீன், ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் ஒருவரும் பாக்கியில்லை. பொத்தேரியில் மெஸ் நடத்தும் என் அக்கா கடையை அன்றைக்குச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தாள். அப்பா அவருடைய நாற்காலியில். வெகுநாள் கழித்து நானும் அந்த அறையில் உட்கார்ந்தேன்.

சீன் வந்தது. என் கைகள் ஒழுங்காக அமுக்கின. மருந்து போனது. ஜூனியர் ஷாக் பற்றிக் கேட்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து என் குரல் பிரேக் வசனத்தைச் சொன்னது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். வாயருகே போன டம்ளரை அப்படியே பிடித்திருந்தார். திரையில் மரகதம் சிஸ்டரின் முகம். மியூசிக் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது மரகதம் சிஸ்டர் கண்ணைத் திறந்து, எங்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். பின்னாலிருந்து குமாரின் குரல் தெளிவாகக் கேட்டது: "டேய், பூசணிக்கா எங்கடா?"

உடனே விளம்பரம் வந்துவிட்டது.

எடிட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. கை வைக்காதே என்றார்கள், அவர் வைக்கவில்லை. அக்கா சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பா மட்டும் டிவியையே பார்த்தபடி, "சிரிச்சிட்டாம்மா" என்றார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடைசியில் அது சிரிப்பாக இல்லை. அக்கா எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாளே அந்தச் சிரிப்பு எல்லோர் போனிலும் சுற்றியது. சிரித்த பிணத்தை எரிக்க முடியாது, மரகதம் சிஸ்டர் உயிரோடுதான் இருந்தாக வேண்டும். டைரக்டருக்கு அப்போது கை கொடுத்தது நான் சொல்லிக் கொடுத்த ஒயர்தான். அடுத்த வாரக் கதை இது: மாஸ்க் போட்டு வந்தவள் டாக்டரே இல்லை, வில்லி காசு கொடுத்து அனுப்பிய போலி. அவள் வேண்டுமென்றே ஒயரைக் கழற்றிவிட்டு, உயிரோடு இருந்தவருக்கு ஷாக் கொடுக்காமல் செத்ததாக அறிவித்துவிட்டாள். நான் போனில் கத்தியபோது டைரக்டர் அடக்கமாகக் கேட்டார்: "ஒயர் கழண்டா கோடு நேரா வரும்னு நீங்கதானம்மா சொன்னீங்க? சயின்ஸ்படி கரெக்ட்தானே?"

கரெக்ட்தான். அந்த சீரியலின் சரித்திரத்திலேயே விஞ்ஞானப்படி சரியாக இருந்த ஒரே திருப்பம் அதுதான்.

போலி டாக்டர் யார் என்று ஊருக்கெல்லாம் தெரியும், நானே சொல்லி வைத்திருந்தேனே. ஈசிஜி எடுக்கப் போனால், கருங்குழியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் சம்சாரத்திடம், "அந்த ஒயரு நல்லா மாட்டிகீதா பாரு" என்றார். எங்கள் நர்ஸ்கள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

ஊர் போகட்டும், அப்பாதான் எனக்குக் கவலை. எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது தலைகீழாகிவிட்டது. ஷாக் கொடுக்காத டாக்டர் அயோக்கியர் என்று டிவியே சொல்லிவிட்டது. அந்தக் கதை ஓடிய அன்றைக்கு, வெளிநாடு போய்விட்டவருக்குப் பதிலாக மரகதமாக வேறொரு நடிகை வந்தார், அதே சேலை, அதே தொப்பி. அப்பா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இதை மட்டும் நம்பாதே என்று அழாத குறையாக மறுபடி ஆரம்பித்தேன். நடுக்கம், பிரேக், நேர்க்கோடு.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார் அப்பா. "காத்துல திரை விலகிச்சு. சின்னப் பையன் ஒருத்தன், டாக்டருக்குப் படிக்கறவன் போல, ஸ்டூல் மேல ஏறி நின்னு அமுக்கிகினு இருந்தான். முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு அவனுக்கு. நான் பாத்தேன். அவன் ஒண்ணும் குறை வெக்கல."

"பின்ன ஏம்ப்பா கேட்டுகினே இருந்த?" என்றேன்.

"அதைக் கேட்டாத்தான் நீ புஸ்தகத்தை மூடிட்டு வந்து பக்கத்துல உக்காருவ. அம்மாவைப் பத்திப் பேசுவ. இல்லன்னா இந்த வூட்ல அவளைப் பத்தி யார் பேசறா?"

நான் அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அதன் பிறகு அம்மாவைப் பற்றிப் பேச எங்களுக்குப் பாடப் புத்தகம் தேவைப்படவில்லை. அவள் மரகதம் சிஸ்டருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டதை அப்பா அன்றைக்குத்தான் சொன்னார். டிவிக்கு முன்னால் நின்று, உப்பும் மிளகாயும் வைத்துச் சுற்றினாளாம். எனக்கு அது தெரியவே தெரியாது. இன்னும் என்னவெல்லாம் தெரியாமல் விட்டேனோ என்று இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்குக் கைராசி எப்படி என்று கேட்டார். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "இதுவரைக்கும் எம் பொண்ணு கையில போனது ஒரே உயிர்தான். அதுவும் எழுந்து சிரிச்சிடுச்சு" என்றார். மாமியார் புரையேறும்வரை சிரித்தார், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்டும் எழுந்திருக்காமல் தூங்கினால், "ஒயரைப் பாரு, டாக்டரம்மா கழட்டியிருப்பா" என்பார் என் கணவர். அப்பா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல் சிரிப்பார்.

அம்மா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள். பெற்ற பெண் என்றும் பார்க்காமல் மரகதம் சிஸ்டர் பக்கம்தான் சேர்ந்திருப்பாள். ஒரு வாரம் என்னோடு பேசியிருக்கவே மாட்டாள். சோற்றைத் தட்டில் ணங்கென்று போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். அந்த ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.